பன்னிரண்டு மண் முளைகள்

மகனுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்து கொடுத்த மண் முளைகள் என் செடிகளைக் கருக்கவில்லை. கருக்கியது அவற்றில் நான் ஊற்றிய தண்ணீர். அது எனக்குப் பத்தாம் நாளே தெரியும். தெரிந்தும் உன் மனைவியின் வளைகாப்பு அன்று, பந்தியில் அத்தனை பேர் முன்னால் உன் சாமானைக் குறை சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீ தொழிலை நிறுத்தினாய். மஸ்கட் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். அடுத்த மாதம் பத்தாம் தேதி விமானம் என்று அம்மா சொன்னாள். நீ முடிவெடுக்கக் காரணமாக இருந்தது ஒரு பொய் என்பது அதற்குள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை செல்விதான் எழுதுகிறாள். மேலே உள்ளதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டாள். "அப்பா, நெசமாவே தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள். "எழுதுளா" என்றேன். "எழுதுதேன். ஆனா அண்ணன் இதப் படிச்சா ஒங்ககிட்ட பேசவே மாட்டான்." "இப்ப மட்டும் பேசுதானாக்கும்?" என்றேன். அவள் மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டாள். நான் சொல்வதில் எதையும் பூசி மெழுகக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் பேச்சு.

தை மாதக் கடைசியில் நீ அவற்றைக் கொண்டுவந்தாய். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஏரலில் சூளைக்குப் பக்கத்தில் வீடு பிடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. வேலையை விட்ட சேதியை நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். அதில் எனக்கு ஒரு புகைச்சல் இருந்தது. அன்றைக்கு நீ பைக்கிலிருந்து இறங்கி, செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டையும் கூடத்தில் வரிசையாக வைத்தாய். ஒரு சாண் நீளம், ஆட்டைக் கட்டும் முளை மாதிரி கீழே கூர், உள்ளே பொள்ளல், மேலே பாட்டில் கழுத்து உட்காரும் அளவுக்கு வாய். அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, இடியாப்ப ஒரலா? ஓட்டையக் காணோம்" என்றாள். "ஓட்டை இருக்கும்மா, கண்ணுக்குத் தெரியாது. மண்ணு காய்ஞ்சா அதுவா தண்ணிய உறிஞ்சிக்கிடும். ஈரமா இருந்தா சும்மா இருக்கும். நீங்க பத்து நாளு ஊருக்குப் போனாலும் செடி நிக்கும்" என்றாய். "நாங்க எங்கன போறோம், பத்து நாளு?" என்று அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. முளையை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், கம்பியால் குழி போட்டுத்தான் இறக்க வேண்டும், பாட்டிலை விளிம்புவரை நிரப்பி வெடுக்கென்று கவிழ்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாய். உன் கை அந்த வேலையைச் செய்வதை நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் செய்தாய். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

பாட்டில்களைத் திரட்டியது நான்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற கூல்டிரிங்ஸ் கடையில் சாக்கோடு எடுத்து வைத்திருந்தார்கள். முதலில் குடிதண்ணீர் பாட்டில்களைப் போட்டுப் பார்த்தேன். அவை மெல்லிசு, தண்ணீர் இறங்க இறங்க இரண்டாம் நாளே வயிறு ஒட்டிச் சப்பிப்போயின. கலர் சோடா பாட்டில் கனம், அது அப்படியே நின்றது. வெயில் பட்டு உள்ளே பாசி பிடிக்காமல் இருக்கச் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினேன். மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, புதினா, பிச்சி, செம்பருத்தி என்று பன்னிரண்டு தொட்டியிலும் சாக்கு கட்டிய பாட்டில்கள் தலைகீழாக நின்றன.

நீ ஒன்றைச் சொல்லவில்லை. என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு வருடம் கோயம்புத்தூர்த் தண்ணீர் குடித்ததில் அது உனக்கு மறந்துபோயிருக்கும். இந்த வீட்டில் நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வந்த அன்று குடம், தவலை, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து மூடி வைத்து, குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும் எடுப்போம். அதை மண்ணில் ஊற்றுகிறவளை உன் அம்மா வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். மற்றதற்கெல்லாம் அடிபம்பு உப்புத் தண்ணீர். செடிக்கும் அதுதான். ஆகவே பாட்டிலை நிரப்பும்போது நான் யோசிக்கவே இல்லை, அடிபம்பில் பிடித்தேன்.

அதே உப்புத் தண்ணீரில்தானே அந்தச் செடிகள் இத்தனை வருடம் நின்றன என்று நீ கேட்பாய். அம்மா ஊற்றுகிற விதம் வேறு. அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து வாளி வாளியாக ஊற்றுவாள். தொட்டியின் அடியிலிருந்து அது வழிந்து ஓடும். சேர்ந்த உப்பும் அதோடு போய்விடும். உன் முளை வந்த பிறகு அவள் மாடி ஏறுவதை விட்டுவிட்டாள். பாட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது, வெயில் குடித்தது, செடி குடித்தது, உப்பு மட்டும் தங்கியது. உப்பளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கிக் காயவிடுவதும் இதைத்தான் செய்யும். நாற்பது வருடம் அந்த வேலையைச் செய்த நான், மாடியில் பன்னிரண்டு குட்டிப் பாத்தி வைத்து உப்பு விளைவித்திருக்கிறேன்.

பத்தாம் நாள் முளையின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பளத்தில் தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகும் பக்குவத்தில் இருக்கிறது என்பதை நாக்கில் தொட்டே சொல்லுகிறவன் நான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. புதினா அப்போதுதான் ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே பாட்டில்களைக் கழற்றி, தொட்டிக்கு இரண்டு வாளி ஊற்றி உப்பைக் கழுவி விட்டிருந்தால் பாதிச் செடியாவது பிழைத்திருக்கும். உனக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வார்த்தை உனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். நான் இரண்டையும் செய்யவில்லை. பாட்டில் காலியானபோது மறுபடியும் அடிபம்பில் பிடித்துக் கவிழ்த்தேன். இதைச் சொல்லும்போது செல்வி என்னைப் பார்க்காமல் எழுதுகிறாள்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். நீ கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தேன். முளை தோற்றால் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நானும் என்னோடு வேலை பார்த்த ஒருவரும் சேர்ந்து ஆறு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தோம். உனக்கு நினைவிருக்காது. முதல் விளைச்சலை வாரி வரப்பில் அம்பாரமாகக் குவித்திருந்தோம். சித்திரையில் தெற்கே மேகம் ஏறியது. அவர், "ஓலை போட்டு மூடிருவோம் வே" என்றார். "காத்துக்குக் கலைஞ்சிரும், பேசாம இரும்" என்றேன் நான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அம்பாரம் நின்ற இடம் சேறாகக் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை பழைய முதலாளியிடமே கூலிக்குப் போய் நின்றேன். அவர் மட்டும் மறுவருடமும் குத்தகை எடுத்தார், ஓலையை முன்கூட்டியே வாங்கி வைத்தார், பிழைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதிலிருந்து யாராவது சொந்தமாக ஒன்று தொடங்குகிறேன் என்றால் அந்தச் சேறுதான் என் கண் முன்னால் நிற்கும். நீ தொடங்கியபோதும் நின்றது. மேகத்தைத் தப்பாகக் கணித்தது நான். அதற்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

வளைகாப்புக்கு மாடியில்தான் சாமியானா போட்டோம். முந்தின நாள் செல்வி, "அப்பா, காஞ்ச தொட்டிய எல்லாம் கீழ எறக்கி வச்சிரட்டா? பாக்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். "கெடக்கட்டும்" என்றேன். கனமாக இருக்கும் என்று காரணமும் சொன்னேன். உன் மாமனார் பந்தியில் உட்கார்ந்தபோது அவருக்கு நேர் எதிரே அவை வரிசையாக நின்றன. சாத்தான்குளத்தில் விதை, பைப்பு, பூந்தொட்டி வைத்து விற்கிறவருக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? "என்ன அண்ணாச்சி, இதான் மாப்பிள்ளை செஞ்ச சாமானா? நம்ம கடையில கொஞ்சம் எறக்கலாம்னு இருக்கேன். எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் கையால் வரிசையைக் காட்டி, "நீங்களே பாருங்க சம்பந்தி. பன்னெண்டும் கருகிப்போச்சி" என்றேன். பக்கத்து இலைக்காரர் ஒருவர், "அப்போ எனக்கு ஒரு டஜன் வேணும் மாப்ள. எங்க பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குடுக்கணும்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாய். "சாம்பார் விடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாய். சுபா வளையல் போட்ட கையோடு கீழே பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். அவளுக்கு இது சாயங்காலம் தெரிந்திருக்கிறது.

நீ கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. அது என் கணக்கில் இல்லாத காரியம். மஸ்கட் என்றாய். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் கடல் தாண்டிப் போகிறான் என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மாடிக்குப் போனேன். பன்னிரண்டு முளைகளையும் பிடுங்கித் தேங்காய் நாரால் தேய்த்தேன். மூன்று நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். தொட்டிகளில் புது மண் போட்டு, புதுச் செடி நட்டு, பாட்டிலில் நல்ல தண்ணீரை நிரப்பினேன். அம்மா டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தாள். "குடிக்க ஒரு கொடம் தண்ணிக்கு நான் தெருவுல நிக்கேன். நீங்க மண்ணுக்கு ஊத்துதீங்களா? ஒங்களுக்கு என்ன, கூறு கெட்டுப்போச்சா?" என்றாள். அப்போதுதான் அவளிடம் முதலில் சொன்னேன். அவள் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எம் புள்ளைய நீங்களா அனுப்புதீங்க?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் தனக்கென்று வைத்திருக்கும் சொம்பிலிருந்து ஒரு பங்கை அந்தப் பாட்டில்களுக்கு ஊற்றினாள். என்னோடு பேசாமல்தான் ஊற்றினாள்.

நாற்பது நாள் ஆகிறது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். கறிவேப்பிலைத் தொட்டிக்கு இந்த வெயிலில் ஒரு லிட்டர் நாலு நாள் வருகிறது. மிளகாய்க்கு ஐந்து நாள். புதினா தொட்டியை மூடிவிட்டது. நடுவில் என் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி போய் ஐந்து நாள் தங்கினோம். போகும்போது தொட்டிக்கு இரண்டு லிட்டர் பாட்டிலாக மாற்றி வைத்தோம். திரும்பி வந்து பார்த்தபோது ஒன்பது தொட்டியில் ஒரு செடியும் வாடவில்லை. ஆனால் பன்னிரண்டும் சரி என்று சொல்லமாட்டேன். ஒன்று வாயில் கீறல் விட்டுத் தண்ணீர் வெளியே ஓடுகிறது. இரண்டு முளைகளில் பாட்டில் ஒரே நாளில் காலியாகிவிடுகிறது. அந்த இரண்டும் மற்றவற்றைவிட வெளிறிய நிறம், சூளையில் ஒழுங்காக வேகவில்லை என்று நினைக்கிறேன். சூளைக்காரரிடம் கேள். தொழிலை மறுபடி எடுப்பாயானால், இந்தக் கடற்கரைப் பக்கம் யார் வாங்க வந்தாலும் அவர்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று முதலில் கேள். உப்புத் தண்ணீர்தான் என்றால், வாரத்துக்கு ஒருமுறை வாளியால் ஊற்றி அடி வழியாக ஓட விடச் சொல். அதுவும் நல்ல தண்ணீராக இருந்தால் உப்பு முழுக்கப் போகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. முடியாது என்கிறவருக்கு விற்காதே. வெள்ளை பூத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளில் அச்சடித்துக் கொடு. என்னைப் போல வாசிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்.

போன வியாழக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிச் சாத்தான்குளம் போனேன். உன் மாமனார் ஒருவருக்குப் பைப்பு அளந்துகொண்டிருந்தார். அந்த ஆள் இருக்கும்போதே சொன்னேன். உன் மாமனார் அளவுகோலைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, நீங்க உப்பளத்துக்காரரு. ஒங்களுக்கு உப்பு தெரியாமப் போச்சா?" "தெரிஞ்சிச்சி." "தெரிஞ்சுமா சொல்லல?" "சொல்லல." பைப்பு வாங்க வந்தவர், "நான் பெறகு வாரேன்" என்று நழுவிவிட்டார். "பாருங்க, ஏவாரமும் போச்சி" என்றார் உன் மாமனார். பிறகு எனக்குச் சோடா வாங்கி வரச் சொன்னார். குடித்து முடித்ததும், "எங்கிட்ட இங்கன தனியா வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? பந்தியில சொன்னத எல்லாருக்கும் கேக்க மாதிரில்லா திருப்பிச் சொல்லணும். எழுதிக் குடுங்க, பேரனோ பேத்தியோ பேர் வைக்கிற அன்னைக்கு நான் வாசிக்கேன்" என்றார். எனக்கு எழுத வராதே என்றேன். "மக எழுதுவால்லா?" என்றார். ஆகவே இதில் இரண்டு பிரதி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு. சுற்றத்தார் எல்லாரும் கேட்கட்டும். அந்த ஒரு டஜன் கேட்டவரும் கேட்கட்டும்.

கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் சுபாவையும் பார்த்தேன். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். அவளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "மாமா, நான் இங்கன வரும்போது அவுக முளை செய்யுத அச்சு ரெண்டையும் எம் பெட்டியில துணிக்கு நடுவுல வச்சு அனுப்பியிருக்காவ. சூளைக்காரர் வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதாம். மஸ்கட்டுக்குப் போறவுகளுக்கு அச்சு எதுக்கு மாமா?" என்றாள். பெட்டியைத் திறந்து காட்டினாள். பிள்ளைக்குத் தைத்து வைத்த சட்டைகளுக்குக் கீழே இருந்தன. நான் தொடவில்லை.

நான் உண்மையைச் சொல்லிவிட்டதற்காக நீ இங்கே இருக்க வேண்டாம். மஸ்கட் வேலை நல்ல வேலையாக இருக்கலாம். உன் இஷ்டத்துக்குப் போவதானால் திருவனந்தபுரம் விமான நிலையம்வரை வந்து பெட்டியை நான் தூக்குகிறேன். ஆனால் சாமான் தோற்றுப்போச்சு என்று போகாதே. சாமான் தோற்கவில்லை. பன்னிரண்டில் ஒன்பது நிற்கிறது, மூன்றைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். உன் மாமனார் கடையில் இன்னும் வைக்கத் தயாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. அதை நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும். சூளைக்காரரிடமும் நீதான் பேச வேண்டும்.

இந்த இரண்டு மாதமாக நீ போன் செய்தால் அம்மாவோடு பேசுகிறாய், செல்வியோடு பேசுகிறாய், "அப்பா சுகமா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் படித்த பிறகு செய்யும்போது போனை என்னிடம் கொடுக்கச் சொல். முதலில் திட்டிவிடு. எவ்வளவு நேரமானாலும் குறுக்கே பேசமாட்டேன். திட்டி முடித்த பிறகு போகிறாயா, இருக்கிறாயா என்று சொல். எதைச் சொன்னாலும் சரி என்று மட்டும் சொல்வேன்.

அப்பா